க்ளைவும் என் மாமனாரும்

ஆரணி என்றதும் உங்களுக்குக் கல்யாணப் பட்டு ஞாபகம் வரும். சாப்பாட்டுப் பிரியராக இருந்தால் பொன்னி அரிசி. ராபர்ட் க்ளைவ் ஞாபகம் வர வாய்ப்பே இல்லை. ஆனால் மனுஷன் அங்கே ஒரு சண்டை போட்டு ஜெயித்துவிட்டுப் போயிருக்கிறார். தேதிகூட இருக்கிறது: 1751, டிசம்பர் 3.

அதற்கு முன்னால் ஆற்காட்டுக் கோட்டைக்குள் ஐம்பது நாள் அடைபட்டுக் கிடந்தவர் அவர். முற்றுகையைக் கைவிட்டுக் கிளம்பிய சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்பைத் துரத்திக்கொண்டு வந்து ஆரணிப் பக்கம் மடக்கினார். ராஜா சாகிப்புக்கு பிரெஞ்சுக்காரர்கள் துணை. ஆள்பலமும் அதிகம். க்ளைவிடம் மராட்டியக் குதிரைப்படை இருந்தது. அதைவிட முக்கியமாக, நம்ம ஊர் நெல்வயல் இருந்தது! சேற்றில் இறங்கிய படை தடுமாற, பீரங்கி வர ஒரே ஒரு மேட்டுப்பாதைதான். கதை முடிந்தது. தோற்ற பக்கத்துச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் க்ளைவிடமே வேலைக்குச் சேர்ந்தார்கள். (நல்ல ஆஃபர் வந்தால் கம்பெனி மாறுவது நம் காலத்துப் பழக்கம் என்று யார் சொன்னது?)

இந்தக் க்ளைவின் கடிதங்களைப் பார்க்கலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக் கோட்டை மியூசியத்துக்குக் கிளம்பினோம். நான், மனைவி, எட்டு வயசுப் பையன், ஆரணியிலிருந்து வந்திருந்த மாமனார். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். தலைமைச் செயலகமும் அதே வளாகம்தானே, வாசலில் சோதனை. மாமனாரின் மஞ்சள் பையைப் பார்த்த காவலர், "என்ன பெரியவரே, மனுவா?" என்றார்.

"இல்லப்பா, புளிசாதம்."

1795-ல் கட்டி முடித்த கட்டிடம். அப்போது வியாபாரிகள் கூடும் இடம், 1948-ல் மியூசியமானது. வாள், துப்பாக்கி, மெடல், யூனிஃபார்ம் என்று பையன் ஓடிக்கொண்டே இருந்தான். கார்ன்வாலிஸ் சிலையிடம் வந்ததும் நின்றுவிட்டான். பீடத்தில், திப்பு சுல்தானின் இரண்டு மகன்களைப் பணயமாக ஒப்படைக்கும் காட்சி. 1792-ல் நடந்தது. பசங்களுக்குப் பத்து வயசை ஒட்டித்தான் இருக்கும்.

"அப்பா, சண்டையில தோத்தா நீ என்னைக் குடுத்துடுவியா?"

மனைவி என்னையே பார்த்தாள். "சேச்சே" என்றேன். திப்புவும் முதல் நாள் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

மாமனாருக்குக் கத்தியும் பிடிக்கவில்லை, கார்ன்வாலிஸும் பிடிக்கவில்லை. அவர் அசையாமல் நின்றது ஒரே இடத்தில்தான். 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் இதே கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி. சுமார் 12 அடி நீளம், 8 அடி அகலம், அத்தனையும் சுத்தப் பட்டு! கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மங்கலான வெளிச்சத்தில் இருக்கிறது.

"லைட்டைப் பெரிசாப் போட மாட்டாங்களா?" என்றேன்.

"போடக் கூடாது மாப்ள. வெளிச்சம் பட்டா பட்டு இத்துப்போகும்." மூக்கு கண்ணாடியில் ஒட்ட, இழை இழையாகப் பார்த்தார். "யார் நெய்ஞ்சதோ" என்றார். அவ்வளவுதான். புளிசாதம் சாப்பிடும்போதுகூடப் பேசவில்லை.

அடுத்த மாசம் ஆரணிக்குப் போனபோது பையனைக் கோட்டை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். சண்டை நடந்த ஊர் என்று கிளம்பினால், கண்ணில் படுவதெல்லாம் அரசாங்க ஆபீஸ்தான். "நான் இங்க வாய்தாவுக்கு மட்டும்தான் வந்திருக்கேன்" என்றார் மாமனார். அங்கே உயரமாக ஒரு கல்தூண் நிற்கிறது. கர்னல் கெல்லி என்ற கம்பெனி அதிகாரியின் நினைவாக எழுப்பியது. திப்புவோடு சண்டைக்குக் கிளம்பிய படையின் தளபதி, 1790-ல் ஆரணியில் செத்துப்போனார். அந்தச் சண்டையின் முடிவில்தான் அந்த இரண்டு பசங்களும் பணயமாகப் போனார்கள். பையன் தூணை அண்ணாந்து பார்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான்.

அதற்கும் முன்னால், 1782 ஜூனில், ஹைதர் அலியும் அயர் கூட்டும் கடைசியாக மோதியதும் இந்த ஊர்ப் பக்கம்தான். ஹைதரின் தளவாடக் கிடங்கு இங்கே இருந்தது. கூட்டால் பிடிக்க முடியவில்லை. அந்த வருஷமே ஹைதர் காலமானார், அடுத்த வருஷம் கூட்.

இதையெல்லாம் வீராவேசமாகச் சொல்லி முடித்தேன். மாமனார் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்போ தறி ஓடியிருக்காதே மாப்ள. தெருவுலதானே பாவு நீட்டணும். குதிரை வந்துட்டா எங்க நீட்டறது?"