கால் இன்ச்

கிள்ளான். ஜாலான் தெங்கு கிளானாவின் பின்பக்கத்துச் சந்து. காலை பத்தரை. முன் தெருவில் பூமாலை, புடவை, முறுக்கு. சந்தில் ஆணி, கீல், தாழ்ப்பாள், பெயின்ட்.

சாமான் கடையின் கண்ணாடி அலமாரியில் பார்மிக்கா விளிம்பு வெட்டும் டிரிம்மர்கள் மூன்று. இரண்டு நீலப்பச்சை. ஒன்று கருநீலம். ஒவ்வொன்றின் காலடியிலும் ஓர் அட்டை.

மக்கிட்டா 3709: 530 வாட், நிமிடத்துக்கு 30,000 சுற்று. போஷ் ஜிகேஎஃப் 550: 550 வாட், 33,000 சுற்று. மக்கிட்டா ஆர்டி0700சி: 710 வாட், 10,000 முதல் 30,000 வரை.

மருமகன் அட்டைகளைப் படிக்கிறான். வயது இருபதுக்குள். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கிறார். சட்டைப் பையில் பென்சில், மடித்த துணி.

"மாமா, போஷ் 33,000. பினாங்குல ஃபேக்டரி இருக்கிற கம்பெனி."

"மூணையும் எடுக்கச் சொல்லு."

கடை முதலாளி, தவுக்கே, பூட்டைத் திறக்கிறார். மூன்றும் கல்லாவின் மேல் வரிசையாக நிற்கின்றன.

மாமா 3709-ஐத் தலைகீழாகத் திருப்புகிறார். தண்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்து அசைக்கிறார். அசைவில்லை. கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் பேஸின் திருகைத் தளர்த்துகிறார். பேஸைக் கட்டைவிரலால் தள்ளுகிறார். வேண்டியதைவிடக் கூடுதலாகப் போகிறது. திரும்ப இழுக்கிறார். கூடுதலாக வருகிறது. கீழே வைக்கிறார்.

ஆர்டி0700சி. அலுமினிய பேஸ். பக்கத்தில் ஒரு திருகு, உள்ளே பற்சட்டம். திருகைத் திருப்புகிறார். பேஸ் மயிரிழை இறங்குகிறது. இன்னும் கொஞ்சம் திருப்புகிறார். இன்னொரு மயிரிழை. பின்பக்கம் திருப்புகிறார். விட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. இதை மூன்று தரம் செய்கிறார்.

மருமகன் கருநீலத்தைத் தூக்கிப் பார்க்கிறான். மூன்றில் அதுதான் லேசு. "கைக்கு அடக்கமா இருக்கு மாமா."

மாமா வாங்கிப் பார்க்கிறார். உடம்பைச் சுற்றிலும் திருப்புகிறார். சுவிட்ச் இருக்கிறது. வேகம் குறைக்கும் சக்கரம் இல்லை. கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சாண் பிவிசி விளிம்புப் பட்டையை எடுத்துப் பக்கத்தில் வைக்கிறார். பட்டையின் ஒரு முனை உருகிச் சுருண்டிருக்கிறது. மருமகன் அதைப் பார்க்கிறான். கருநீலம் அலமாரிக்குத் திரும்புகிறது.

மடித்த துணி அவிழ்கிறது. உள்ளே ஒரு கட்டர். கார்பைட் முனை, நுனியில் சின்ன பேரிங், கால் இன்ச் தண்டு.

ஆர்டி0700சியில் கட்டரைக் கவ்வும் கூம்பான காலெட்டில் தண்டை வைக்கிறார். இறங்கவில்லை. நட்டை இன்னும் தளர்த்துகிறார். இறங்கவில்லை.

தவுக்கே வெர்னியரை நீட்டுகிறார். காலெட் 6 மில்லிமீட்டர். தண்டு 6.35.

"கொஞ்சம் தட்டினா போயிடும்," என்கிறான் மருமகன்.

மாமா தண்டை வெளியே எடுத்துத் துணியில் வைக்கிறார்.

"கால் இன்ச் அடா?"

"அடா, அடா. துங்கு."

இருக்கிறதாம், பொறுக்கச் சொல்லிவிட்டுத் தவுக்கே உள்ளே போகிறார். மேசை விசிறி திரும்புகிறது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று பெருஞ்சாலைப் பக்கம் ஹார்ன் அடிக்கிறது. ஒரு பெண் பாத்ரூம் குழாய் கேட்டு வருகிறாள், காத்திருக்கிறாள், போகிறாள். மருமகன் போனை எடுக்கிறான். மாமா கல்லாவின் விளிம்பில் ஒட்டிய பார்மிக்காவை நகத்தால் தடவுகிறார். ஓர் இடத்தில் நகம் தடுக்குகிறது. அங்கேயே கை நிற்கிறது.

கண்ணாடிக்குள் ஒரு கட்டர் பெட்டி. பன்னிரண்டு கட்டர், சிவப்பு வெல்வெட், எல்லாம் 6 மில்லிமீட்டர் தண்டு. விலை குறைவு. மருமகன் அதைக் காட்டுகிறான். "கால் இன்ச் காலெட்டைப் போட்டா நம்ம கட்டருக்கும் இதுக்கும்..."

மாமா தலையை அசைக்கிறார். 6 மில்லிமீட்டர் தண்டு கால் இன்ச் காலெட்டுக்குள் சுலபமாகப் போகும். நட்டும் இறுகும். ஓட ஓடத் தண்டு மெல்ல நழுவி இறங்கும். ஓரத்தில் பள்ளம் விழுந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

தவுக்கே பிஸ்கட் டின் ஒன்றுடன் வருகிறார். டின்னில் நட்டு, வாஷர், கூம்புகள். ஐந்தாவது கூம்பு கால் இன்ச். தண்டு ஒரே சீராக வழுக்கி இறங்குகிறது. அடிவரை போனதும் மாமா அதை ஒரு நூல் மேலே தூக்குகிறார். ஸ்பேனர் பிடிக்கிறது.

மூன்று முனை பிளக். முதலில் 3709. சுவிட்சைப் போட்டதும் மருமகனின் மணிக்கட்டு வெடுக்கென்று திரும்புகிறது. அடுத்து ஆர்டி0700சி. சத்தம் அடியிலிருந்து ஏறுகிறது, குளவி நெருங்கி வருவதுபோல். மணிக்கட்டு அசையவில்லை. மருமகன் தன் கையையே பார்க்கிறான்.

"இது," என்கிறார் மாமா.

விலையைப் பற்றிப் பேச்சு. கால் இன்ச் காலெட்டுக்குத் தனிக் காசு கேட்கிறார் தவுக்கே. மாமா மௌனமாக நிற்கிறார். தவுக்கே கால்குலேட்டரை அழித்துவிட்டு மறுபடி அடிக்கிறார். உத்தரவாத அட்டையில் முத்திரை விழுகிறது.

வேலை நடக்கும் இடம், பிரிக்பீல்ட்ஸ். துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால் பழைய அடுக்குமாடி. நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மோனோரயில் போகும் சத்தம் ஜன்னலில் வந்து போகிறது.

கூடத்தில் இரண்டு குதிரைச் சட்டங்கள். மேலே ஒரு கேபினெட் கதவு. 18 மில்லிமீட்டர் பிளைவுட். பார்மிக்கா 0.8 மில்லிமீட்டர். இரண்டு முகத்திலும் பசை தடவியாகிவிட்டது. மாமா விரலின் புறப்பக்கத்தால் தொடுகிறார். நூல் இழுக்கிறது. காத்திருக்கிறார். வீட்டுக்கார அம்மா தேநீர் வைத்துவிட்டுப் போகிறார். மறுபடி தொடுகிறார். இழுக்கவில்லை. பலகைக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய குச்சிகள். நடுவிலிருந்து ஒவ்வொன்றாக உருவுகிறார், தாள் படிகிறது, உருளை ஓடுகிறது. நாலு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

கதவை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் ஒரு கழிவுத் துண்டு.

மருமகன் டிரிம்மரை வைக்கிறான். விளிம்பு அவன் பக்கம். வலமிருந்து இடம் தள்ளுகிறான். கருவி அவன் கையை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. மூலையில் பார்மிக்கா சில்லாகப் பெயர்கிறது.

மாமா அவன் மணிக்கட்டில் ஒரு விரலை வைக்கிறார். அவனை மறுமுனைக்கு நகர்த்துகிறார். இடமிருந்து வலம். இப்போது கட்டர் எதிர்த்துத் தள்ளுகிறது. கை அழுத்திப் பிடிக்க முடிகிறது. தூள் சீராகப் பறக்கிறது. துண்டின் நாலு பக்கமும் முடிகிறது.

"கதவை எடு."

பேரிங் பிளைவுட்டின் விளிம்பைத் தொட்டபடி உருள்கிறது. நீட்டிக்கொண்டிருந்த மூன்று மில்லிமீட்டர் கறுப்பு நூலாகக் கீழே விழுகிறது. மாமா அரத்தைச் சாய்த்துப் பிடித்து ஒரே திசையில், கீழ்நோக்கி, இழுக்கிறார். பிறகு நகம். பிளைவுட்டிலிருந்து பார்மிக்காவுக்கு. எங்கும் தடுக்கவில்லை. மருமகனின் கையைப் பிடித்து அவன் நகத்தை அதே இடத்தில் ஓட்டுகிறார்.

மூன்றாவது கதவில் பேரிங் மெதுவாக உருள்கிறது, பசை ஒட்டியிருக்கிறது. தின்னர் நனைத்த துணி. விரலால் சுழற்றுகிறார். இரண்டு சொட்டு எண்ணெய்.

நாலாவது கதவு முடிகிறது. மருமகன் பிளக்கைப் பிடுங்குகிறான். ஸ்பேனரை எடுத்துக் காலெட் நட்டைச் சோதிக்கிறான். கட்டரின் தண்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைக்கிறான்.

மாமா ஆறாவது கதவுக்குப் பசை தடவிக்கொண்டிருக்கிறார். இன்னும் எட்டுக் கதவுகள் சுவரோரம்.