குப்பை என்று குறி, அழித்துவிடாதே

எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்கென்று சொந்தமாக ஒரு மின்னஞ்சல் சர்வர் உண்டு. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது. பார்த்துக்கொள்வது என் தங்கை மகன். லாட்டரி, கடன், மாத்திரை என்று தினமும் குப்பை மடல்கள் வந்து கொட்டவே, ஸ்பாம்அசாசின் என்ற வடிகட்டியை அதோடு இணைத்தான்.

பல வருஷம் தபால் பிரிவில் இருந்தவன் என்பதால் அது வேலை செய்யும் விதம் எனக்கு உடனே பிடிபட்டது. சர்வர் கடிதத்தை வாங்கி வடிகட்டியிடம் கொடுக்கும். அது அனுப்பிய இடம், தலைப்பு, வாசகம் எல்லாம் பார்த்து, ஒவ்வொரு சந்தேகத்துக்கும் மதிப்பெண் போடும். நல்ல அடையாளம் இருந்தால் கழிக்கும். கூட்டுத்தொகை 5 வந்தால் குப்பை என்று குறிப்பு எழுதித் திருப்பித் தரும். அவ்வளவுதான். அது எதையும் அழிக்காது. அதன்பின் என்ன செய்வது என்று சர்வருக்கு உத்தரவு போடுவது நாம்தான்.

"அஞ்சு தாண்டினா அழிச்சிடலாம் மாமா" என்றான். நான் ஒப்பவில்லை. ஆபீசில் மொட்டைக் கடிதத்துக்குக்கூடப் பதிவேட்டில் நம்பர் போட்ட பிறகுதான் ஒதுக்கி வைப்போம். தனி ஃபோல்டரில் போடச் சொன்னேன். வெள்ளிக்கிழமைதோறும் திறந்து பார்ப்பேன்.

மூன்றாவது வாரம் அதில் ஒரு பிரெஞ்சுக் கடிதம் கிடந்தது. எங்கள் தெருவில் ஒரு அம்மாள். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து காலமானவர். மின்னஞ்சல் இல்லாததால் சங்க முகவரியைக் கொடுத்திருந்தார். 'செர்த்திஃபிக்கா தெ வீ', அதாவது உயிரோடிருப்பதற்கான சான்று, கேட்டு வந்த நினைவூட்டல் அது. கெடுவுக்கு இன்னும் ஒன்பதே நாள். சான்று போகாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும்.

குறிப்பைப் பிரித்துப் பார்த்தோம். விரும்பாத மொழி என்பதற்கு மட்டும் 2.8. ஏற்கும் மொழிகளாகத் தமிழும் ஆங்கிலமும்தான் கொடுக்கப்பட்டிருந்தன. மீதி சில்லறைக் காரணங்கள் சேர்ந்து 5.4 ஆகியிருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு விரும்பாத மொழியாம்! பிரெஞ்சில் படித்து வளர்ந்த எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசுக்குக் கஷ்டமாகவும் இருந்தது.

பட்டியலில் பிரெஞ்சைச் சேர்த்தான். சான்றும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த வடிகட்டி பழகியும் கற்கும். நல்லதில் 200, குப்பையில் 200 காட்டினால்தான் சொந்தமாகக் கருத்துச் சொல்லத் தொடங்கும். நல்ல கடிதங்களில் பிரெஞ்சும் இருக்கும்படி நானே பொறுக்கிக் கொடுக்கிறேன்.

கியூபெக்கில் குப்பை மடலுக்குப் 'பூரியேல்' என்று பெயர். குப்பைத்தொட்டியான பூபெல்லும் மின்னஞ்சலான கூரியேலும் சேர்ந்த சொல். உங்கள் பூரியேல் பெட்டியையும் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். யாருடைய மாதச் சாப்பாடு அதில் கிடக்கிறதோ, யார் கண்டது?