பட்டறை இல்லாத பாதைக்கு

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறி, மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடியில் இறங்குவதாகத் திட்டம். எனக்கு ஹிமாலயன் 411, நண்பருக்கு ஒரு 150 சிசி வண்டி. காற்றுப் பார்க்க நின்ற கடையில் என் கருவிப் பையைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக் சிரித்துவிட்டார். “ஏனுங் தம்பி, பட்டறையவே கட்டித் தூக்கிட்டுப் போறீங்களா? ஆழியாறு வரைக்கும் நாங்கெல்லாம் இருக்கோமுங்க.”

அவர் சொன்னதில் பாதி சரி. சமவெளியில் ஸ்பேனருக்கும் கம்ப்ரசருக்கும் பஞ்சமில்லை. கடைக்காரரிடம் இல்லாதது நம் வண்டிக்கே உரிய சாமான்தான். ஹிமாலயனின் முன்சக்கரம் 21 இஞ்ச். அந்த டியூபைச் சிற்றூர்க் கடையில் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். பின்சக்கரம் 17 இஞ்ச்; அதற்கு எங்காவது ஒன்று கிடைத்துவிடும். கிடைக்காவிட்டாலும் முன்சக்கர டியூபையே பின்டயருக்குள் மடித்துத் திணித்து, அடுத்த ஊர் வரை மெதுவாக உருட்டிவிடலாம். அதனால் நான் எடுத்துப்போவது ஒரே டியூப், 21 இஞ்ச்.

கிளட்ச் கேபிளில் என் கட்சி வேறு. புதியதை ஸ்பேராக வைக்கக் கூடாது. புதியதை வண்டியில் மாட்டி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழையதைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும். நீளம் போதுமா, முனைக் குண்டு லீவரில் உட்காருமா என்ற சந்தேகமே அதில் எழாது. பைக்குள் வைப்பதையும்விட, மாட்டியிருக்கும் கேபிளை ஒட்டியே அதையும் இழுத்து, இரு முனைகளிலும் தண்ணீர் புகாதபடி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவது உத்தமம். என் நச்சரிப்புத் தாங்காமல் நண்பரும் அப்படியே செய்திருந்தார். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு கிளட்சைப் பிடித்து விட்டதில், அட்டகட்டிக்குச் சற்றுக் கீழே அவருடைய கேபிள் லீவர் முனையில் இழை இழையாகப் பிரிந்து அறுந்தது. டேப்பைக் கிழித்து, பக்கத்திலேயே காத்திருந்ததை இரு முனையிலும் மாட்டி, அட்ஜஸ்டரைத் திருகியதோடு வேலை முடிந்தது.

வால்பாறையில் டேங்கை நிரப்பிக்கொண்டு மளுக்கப்பாறை செக்போஸ்ட்டைத் தாண்டினால் கணக்கு தலைகீழ். வாழச்சால் வரை சுமார் 50 கி.மீ. காடு. மெக்கானிக் கிடையாது, பல இடங்களில் செல்போன் சிக்னலும் கிடையாது. யானைகள் நடமாடும் வழி. நின்று வேடிக்கை பார்க்கிற இடமல்ல. 2025 பிப்ரவரியில் வால்பாறை மலைச்சாலையில் பைக்கில் வந்த ஜெர்மானியப் பயணி ஒருவர் யானை தாக்கி இறந்தார். இங்கே சரிசெய்ய முடியுமா என்பதோடு எவ்வளவு சீக்கிரம் முடியும் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

நண்பருக்குக் கவலையில்லை. அவருடையது டியூப்லெஸ். ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை ராவி, பசை தடவிய ஸ்ட்ரிப்பைச் செருகிக் காற்றடித்தால் போதும்; சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. என்னுடையது ஸ்போக் சக்கரம். கழற்றி, டயரை நெம்பி, டியூபை மாற்றியாக வேண்டும். என் பை கனத்ததற்கு முழுக் காரணமும் இதுதான்.

அதைக் குறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, பையில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே இரண்டு சக்கரங்களையும் ஒருமுறை கழற்றி மாட்டுவது. கை போகாத ஸ்பேனர்களையெல்லாம் வீட்டிலேயே விட்டேன். டயர் லீவர் மூன்று வேண்டும்: இரண்டு பிடித்துக்கொள்ள, மூன்றாவது நெம்ப. புது டியூபில் கொஞ்சம் காற்றடித்துவிட்டு உள்ளே தள்ளினால் லீவர் அதைக் கடிக்காது. டயர் விளிம்பு வழுக்கி உட்கார ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் போதும். இதற்கென்று விற்கும் பசையெல்லாம் வெட்டிச் செலவு. ஒட்டுப் போடும் வேலையைக் காட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. டியூபை மாற்றிக் கிளம்பிவிட்டு, கிழிந்ததை ஊர் வந்ததும் கடையில் கொடுத்தால் ஆயிற்று.

ஸ்பேர் ஸ்பார்க் ப்ளக்கை இப்போது தூக்குவதில்லை. அது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். ஃப்யூஸ் இரண்டு, கிளட்ச் லீவர் ஒன்று, கட்டுக்கம்பி, எம்-சீல், இவற்றோடு சரி. பிரேக் லீவர் குறித்து இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

மளுக்கப்பாறைக்குப் பிறகு பையைத் திறக்கவே நேரவில்லை. வாழச்சாலில் டீ குடிக்கும்போது, “அந்தக் கால் பம்பையாவது அடுத்த தடவை குறைச்சுக்கலாம்ல?” என்றார் நண்பர். அவர் டயரில் டியூப் இல்லை, சொல்வார்.