மேசையிலிருந்து மதிலுக்கு



கோலா சிலாங்கூர்ப் பக்கம் பழைய தோட்டத்துக் குடும்பங்களின் வீடுகளுக்குப் போனால், டிவி மேலோ சோபா முதுகிலோ ஒரு குரோஷே விரிப்பு கண்ணில் படும். பால்மரத் (ரப்பர்) தோட்டக் காலத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் உட்கார்ந்து பின்னியவை. 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்தில். பிறகு மற்ற தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி ஆட்கள் தாமான் என்னும் வீடமைப்புக் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த விரிப்புகளும் பெட்டியோடு வந்தன. வீட்டுக்கு வரும் விருந்தாளியைத் தவிர யார் அவற்றைப் பார்த்தார்கள்?

இப்போது எங்கள் தாமான் பெண்கள் அந்தக் கைவேலையைப் பொது மண்டபத்தின் வெளிமதிலில் ஏற்றியிருக்கிறார்கள். கருநீலப் பின்னலில் பெரெம்பாங் மரம். அதன் இலைகளுக்கிடையே மஞ்சள் முடிச்சுகள். கம்போங் குவாந்தான் ஆற்றோரம் ஒன்றாக மின்னி ஒன்றாக அணையும் மின்மினிகளாம் அவை. மூலையில் ஒரு சாம்பல் குரங்கு, மடியில் ஆரஞ்சுக் குட்டி. கலர் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். புக்கிட் மெலாவத்தி மலையிலிருக்கும் வெள்ளி மந்திக்குக் குட்டி ஆரஞ்சு நிறத்தில்தான் பிறக்கும்.

"வெயிலு திங்கும், மழை ஊறவைக்கும், மிச்சத்தைக் குரங்கு பிய்க்கும்மா" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா முதலிலேயே சொன்னார். குரங்குக்கு மருந்தில்லை. மற்ற இரண்டுக்கும் வழி கண்டது அவரேதான். பருத்தி நூல் தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்கும், பூஞ்சை பிடிக்கும். ஆட்டுக் கம்பளியும் ஈரத்தை விடாது. அக்ரிலிக் நூல் தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, வெயிலையும் ஓரளவு தாங்கும். பின்னலைச் சுவரோடு ஒட்டினால் உள்பக்கம் பாசி படரும். ஆகவே முதலில் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் பாசிர் பெனாம்பாங் மீனவர்கள் கழித்துப் போட்ட நைலான் வலையை இழுத்துக் கட்டினார்கள். ஒவ்வொரு சதுரத்தையும் நான்கு முனையிலும் ஓர நடுவிலும் வலையோடு சேர்த்துத் தைத்தார்கள். நடுவில் தைக்காமல் விட்டால் ஒரே மழையில் தொப்பை விழுந்துவிடும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. காற்று புகுந்து காய வைத்துவிடுகிறது.

வெளியிடத்தில் பின்னல் போடுவது உலகத்துக்குப் புதிதல்ல. 2005இல் ஹூஸ்டனில் மாக்தா சாயெக் என்ற பெண் தன் கடைக் கதவின் கைப்பிடிக்கு ஓர் உறை பின்னிப் போட்டார். அங்கிருந்து பரவிய மோகம் கம்பம், பாலம், பஸ் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' பெண்கள் 11,148.5 சதுர மீட்டருக்குக் குரோஷே போர்வை விரித்துக் கின்னஸில் ஏறினார்கள். ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர்!

மரங்களுக்கு உறை மாட்டுவது மட்டும் எனக்குப் பிடிப்பதில்லை. மரம் பருக்கும்போது நூல் இறுக்கும். பிரிந்த இழையில் பறவையின் கால் சிக்கும். மதில் வளரப்போவதில்லை. ஆனால் அக்ரிலிக்கும் பிளாஸ்டிக்தான். நைந்து இழை கொட்டும்வரை தொங்க விடுவது தப்பு, சாயம் வெளுத்ததும் இறக்கிவிட வேண்டும் என்று இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள்.

அடுத்ததாகச் செகிஞ்சான் வயல்வெளியைப் பின்னப் போகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் முறுக்கும் ஊறுகாயும் தூக்கி வர வேண்டாம், இங்கேயே கிடைக்கிறது. பெட்டியில் இடமிருந்தால் கிளிப்பச்சையில் நாலு கண்டு அக்ரிலிக் நூல் வாங்கி வாருங்கள். எல்லாம் ஒரே சாயத் தொகுதி எண்ணாக இருக்கட்டும்.