தொடுதிரையில் அம்பேத்கர்

முதலியார்பேட்டை வீட்டுக்குப் புதிய மடிக்கணினி வந்து மூன்று வாரமாகிறது. 2012இல் விண்டோஸ் 8 வெளியான பிறகு பரவிய வகை. திரையை முழுக்கப் பின்னால் மடக்கினால் சிலேட்டு போலாகிவிடும்; விரலால் தொட்டே இயக்கலாம்.

எழுதுவதற்கு விசைப்பலகைதான் சரி. தமிழ்99 பழகிய விரல்களுக்குக் கண்ணாடியில் தட்டுவது ஒத்துவரவில்லை. இரவில் கூடாரம்போல் நிறுத்திவைத்து வீட்டில் எல்லோரும் படம் பார்க்கிறோம். ஆனால் எனக்கு இது அதிகம் பயன்படுவது வாசிக்கத்தான்.

அம்பேத்கரின் ஆங்கிலத் தொகுதிகள் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 12ஆம் தொகுதியில் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகள் உள்ளன. பள்ளியில் அவர் உட்கார்ந்த சாக்குத் துணியை அங்கே சுத்தம் செய்யும் பணியாளர்கூடத் தொடமாட்டார். மாலையில் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் அவரே கொண்டுவர வேண்டும். அந்தப் பக்கத்தை நான் விரலால் தொட்டுத்தான் நகர்த்தினேன்.

நூல் இலவசம், அதைத் திறக்கும் கருவி இலவசமில்லை. தமிழ்நாட்டில் 2011இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதை வீண்செலவு என்றவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் அப்போதே கணினி இருந்தது. நம் குடியிருப்புகளின் மாலைநேரப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் ஒரு கணினி கேட்போம். அது ஆடம்பரமல்ல, உரிமை.