ஸ்தோத்திரம்: எதற்காக?

திருமலையில் சுப்ரபாதத்தை அடுத்து ஒலிப்பது வேங்கடேச ஸ்தோத்திரம். சற்றுத் தள்ளி, 1911 வரை வடஆற்காட்டைச் சேர்ந்திருந்த சித்தூரில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சந்தித்தால் சொல்லிக்கொள்வதும் ஸ்தோத்திரம்தான். தெலுங்கு ஜெபத்திலும் இதே சொல். காணிக்கையும் பொதுச் சொல். அங்கே முடியும் உண்டியலும். இங்கே பிறந்தநாள் உறையும், அறுப்பின் பண்டிகைக்கு வரும் பூசணியும். ஏலத்தில் அந்தப் பூசணி கடைவிலையைப் போலப் பல மடங்குக்குப் போகும்.

கிடைத்ததற்கு நன்றி சொல்வது எளிது. மகனைப் புதைத்த வீட்டிலும் வருஷ நினைவுக்கு ஸ்தோத்திர ஆராதனை வைக்கிறார்களே, சாவுக்கா நன்றி? தெசலோனிக்கேயருக்கு எழுதும் பவுல் 'எல்லாவற்றிலேயும்' என்கிறார். துக்கத்தின் நடுவே நன்றி, துக்கத்துக்காக அல்ல. பெற்றவளுக்கு இந்த ஓர் உருபு போதும். ஆனால், எபேசியருக்கு எழுதும்போது அவரே 'எல்லாவற்றிற்காகவும்' என்று விடுகிறார். அந்த வீட்டில் அதை வாசிக்கப் போதகருக்கு நா எழாது.