மாஜினி பிறந்த ஊரில்

ஜினோவா நகரத்தில் முதல் நாள் காலையில் நாமும் நண்பரும் செய்த முதற்காரியம் வழி தவறியதுதான். துறைமுகத்தை அடுத்த பழைய ஊரில் இருவர் சேர்ந்து நடந்தால் தோள் உரசும் சந்துகள் பல. இருபுறமும் ஆறேழு அடுக்கு வீடுகள். அண்ணாந்து பார்த்தால் ஆகாயம் ஒரு நாடாவைப்போல் தெரிகிறது. உலர்த்தியிருக்கும் துணிகள் அதையும் மறைத்து விடுகின்றன. நண்பர் கணித ஆசிரியர். திருப்பங்களை எண்ணிக்கொண்டே வந்தவர், புறப்பட்ட இடத்துக்கே மூன்றாம் முறை வந்து சேர்ந்ததும் கணக்கைக் கைவிட்டார்.

நாம் தேடியது லோமெல்லினி வீதியில் 11-ஆம் எண்ணுள்ள வீட்டை. 1805-ஆம் வருஷம் ஜூன் 22-ந் தேதி மாஜினி பிறந்தது அங்கேதான். அப்பெயர் தமிழருக்குப் புதிதன்று. 1831-ல் அவர் நிறுவிய 'யௌவன இத்தாலி' சங்கத்தின் பிரதிக்கினையைப் பாரதியார் தமிழ்க் கவிதையாகத் தந்திருக்கிறார். நாமும் இருபது வருஷமாக வகுப்பில் மாஜினியைப் பற்றிப் பேசி வருகிறோம்.

அவ்வீடு இப்பொழுது இத்தாலிய விடுதலைப் போரின் காட்சிசாலை. கொடிகளும் கடிதங்களும் எதிர்பார்த்தவையே. நம்மை நிறுத்தியது ஒரு கிதார் வாத்தியம். தேசத்துக்காகத் துக்கம் கொண்டாடி வாழ்நாளெல்லாம் கறுப்புடை அணிந்த அம்மனிதர், தனிமையில் அதை மீட்டுவாராம். இச்செய்தியைப் பாடப் புத்தகம் எதிலும் நாம் கண்டதில்லை.

நடுப்பகலில் பசி எடுத்தது. ஒரு சந்துக் கடையில் 'பரினாத்தா' கிடைத்தது. கொண்டைக் கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் ஒலிவ எண்ணெயும் சேர்த்து, அகன்ற செம்புத் தட்டில் மெல்லிதாக ஊற்றி, விறகு அடுப்பில் சுட்டெடுப்பது. நம் அடைக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். நண்பர் மூன்று துண்டு தின்றார். மிளகாய் இல்லாத குறை ஒன்றுதான்.

பிற்பகல் பஸ் ஏறி ஸ்தாலியேனோ மயானத்துக்குச் சென்றோம். 1851-ல் திறக்கப்பட்ட இம்மயானத்தில் நீண்ட மண்டபங்கள் நெடுகப் பளிங்குச் சிலைகள். செல்வர்களின் சிலைகளுக்கிடையே ஒரு கிழவி நிற்கிறாள். காதெரினா காம்போதோனிகோ என்னும் அவள் திருவிழாக்களில் கொட்டைப் பருப்பு மாலைகளும் வளைய ரொட்டியும் விற்றுப் பிழைத்தவள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, தான் உயிரோடிருக்கும்போதே, 1881-ல் ஒரேங்கோ என்ற சிற்பியிடம் தன் சிலையைச் செய்வித்துக்கொண்டாள். கையில் அதே மாலை, அதே ரொட்டி. இதைவிட நல்ல சிலையை அங்கே நாம் காணவில்லை.

மரங்கள் அடர்ந்த சரிவில் மேலேறினால் மாஜினியின் சமாதி. குன்றோடு ஒட்டிய குகை போன்ற கட்டிடம், முன்னே பருத்த இரு தூண்கள், மேலே பெயர். அருகிலேயே தாயாரின் கல்லறை. அவ்வம்மை 1852-ல் இறந்தபோது மகன் லண்டனில் நாடு கடந்து வாழ்ந்தார், வர இயலவில்லை.

"இத்தாலி ஒன்றுபட்ட பிறகாவது ஊர் திரும்பிச் சுகமாக இருந்தாரா, ஸார்?" என்று நண்பர் கேட்டார்.

இல்லை. 1861-ல் இத்தாலிய ராஜ்யம் பிறந்தது. அவர் விரும்பியதோ குடியரசு. பழைய மரண தண்டனை தலைமேல் இருந்தபடியால், 1866-ல் மெஸ்ஸீனா மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தும் பார்லிமெண்ட் அத்தேர்தலைச் செல்லாததாக்கியது. 1870-ல் கயேத்தாக் கோட்டையில் சிறை வைத்தார்கள். 1872 மார்ச் 10-ந் தேதி பீசா நகரில், பிரௌன் என்ற பொய்ப் பெயருடன் அவர் உயிர் நீத்தார். அவர் கேட்ட குடியரசு வந்தது 1946-ல். மாஜினி விரும்பிய இத்தாலி உருவாகவில்லை என்று காந்தியடிகள் 1909-லேயே 'ஹிந்து ஸ்வராஜ்ய'த்தில் எழுதிவிட்டார். அதைப் படித்திருந்தும், வகுப்பில் நாம் 1861-ஓடு பாடத்தை முடித்து, பிள்ளைகளைக் கைதட்டச் செய்து அனுப்பிவந்தோம்.

இதை நண்பரிடம் ஒப்புக்கொண்டு, ஊர் திரும்பியதும் குறிப்பைத் திருத்திவிடுவதாகச் சொன்னோம். அவர் படியிறங்கிக்கொண்டே, "திருத்துங்கள் ஸார். ஏற்கனவே பரீட்சை எழுதிப் போய்விட்ட பையன்களுக்கு யார் சொல்வது?" என்றார்.

பஸ் வரும்வரை நாம் ஒன்றும் பேசவில்லை.